ஒத்திகை பார்த்த தோடம்பழங்கள்

1

போன கிழமை இத்தாலியிலிருந்து ஒரு ரீச்சர் தொலைபேசி எடுத்தார். முன்பின் தெரியாதவர். பலெர்மோவில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறாராம். சித்திரையில் பரிஸ் நகரத்தில் நடந்த ஆசிரியர் சந்திப்பின் வீடியோவைத் தங்கள் ஆசிரியர்களுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். அதில் ஒரேஞ்சுப் பழத்தை வைத்து நடத்திய தோடம்பழப் பாடத்தை மட்டும் இரண்டாந்தரமும் போடச் சொல்லி எல்லோரும் கேட்டார்களாம்.

"அந்தப் பிள்ளையள் எப்பிடி டக்கெண்டு மறுமொழி சொல்லுதுகள், சேர். உங்கடை மகளை நினைச்சு நீங்கள் பெருமைப்பட வேணும்," என்றார்.

நான் அப்போது பரிசின் ரூ லூயி-பிளாங்க் தெருவில் வேலை செய்கிற கடையில் நின்றேன். விமான ரிக்கற் போட்டுக் கொடுக்கிற கடை. எனக்கு முன்னால் ஒருவர் கொழும்புக்குப் போக கடவுச்சீட்டை நீட்டிக்கொண்டு நின்றார். ஓம், ஓம், நல்லது, நன்றி என்று சொல்லி வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு அன்று எனக்கு வேலை ஓடவில்லை. அந்த மனிசனின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றி அடித்துவிட்டேன். இங்கே பெயரில் ஓர் எழுத்து மாறினால் ஆளே மாறிய மாதிரி. அதைத் திருத்துவதற்கு விமானக் கம்பனியின் இசையைக் கேட்டுக்கொண்டு பின்னேரம் வரை தொலைபேசியோடு இருந்தேன்.

பெருமைப்பட வேண்டுமாம். அந்த ரீச்சரில் பிழையில்லை. அவர் பார்த்தது வெட்டி ஒட்டிய வீடியோ. வெட்டி எறிந்த பகுதியில் என்ன நடந்தது என்று அங்கே இருந்த எங்களுக்குத்தான் தெரியும். அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

2

ஐரோப்பாவில் தமிழ்ப் பள்ளிக்கூடம் என்றால் ஊரில் இருந்து வாசிக்கிறவர்கள் கட்டடம், மணி, சீருடை என்று நினைக்கக்கூடும். எங்களுடையது பரிசின் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு வாடகை மண்டபம். சனிக்கிழமை பின்னேரம் மட்டும் எங்களுக்கு. காலையில் அங்கே பிரெஞ்சுக்காரர் யோகா பழகுவார்கள். நாங்கள் போகும்போது ஊதுபத்தி மணம் நிற்கும், எங்கள் பிள்ளைகள் மூக்கைப் பொத்துவார்கள். வெளியே பாலத்தின் மேல் மெற்றோ போகிற நேரம் பாடத்தை நிறுத்திவிட்டு, அது போனதும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவோம். படிப்பிக்கிறவர்களில் கடைக்காரர் உண்டு, சமையற்காரர் உண்டு. ஊரில் உண்மையாகவே ஆசிரியராக இருந்தவர்கள் என்று எண்ணினால் ஒரு கை விரலே மிச்சம்.

அந்தச் சிலரில் நான் ஒருவன். ஊரில் நான் ஆரம்பப் பள்ளி வாத்தியார். இங்கே எழுத்தும் இலக்கணமும் படிப்பித்துக் களைத்துப்போய், சின்ன வகுப்புக்குத் தமிழில் விஞ்ஞானம் ஒரு மணித்தியாலம் வைப்போம் என்று நான்தான் தொடங்கினேன். காந்தத்தைத் தமிழில் கையில் பிடித்த பிள்ளை காந்தம் என்ற சொல்லை மறக்காது என்று நினைத்தேன். பெற்றோருக்கு அவ்வளவு விருப்பமில்லை. இது பரீட்சைக்கு வருமா என்று கேட்பார்கள். வராது என்றால், பிள்ளையைக் கொஞ்சம் பிந்திக் கூட்டிவந்தால் பரவாயில்லையா என்று கேட்பார்கள்.

இப்போது எனக்கு முழங்கால் சரியில்லை. நின்று படிப்பிக்க முடிவதில்லை. இந்த வருடத்தோடு நிற்கப்போகிறேன் என்று மாசியிலேயே பள்ளிக்கூடப் பொறுப்பாளரிடம் சொல்லிவிட்டேன். அவர் என்னைவிட வயதில் இளையவர், ஆனாலும் எல்லோருக்கும் அண்ணை. எனக்கும் அண்ணைதான். அவர் சுருக்கமாகச் சொன்னார். செப்டெம்பருக்கு ஆள் இருந்தால் வகுப்பு நடக்கும், ஆள் இல்லாவிட்டால் அந்த நேரத்தைப் பரீட்சைப் பயிற்சிக்குக் கொடுப்போம் என்றார்.

என் மனதில் ஓர் ஆள் இருந்தது.

தர்சிகா எங்கள் ஒரே பிள்ளை. வில்லியே லே பெல்லில் அரசாங்க ஆரம்பப் பள்ளியில் ஆசிரியை. நாங்கள் இருக்கிற கார்ஜ் லே கொனெஸிலிருந்து பஸ் பிடித்தால் போய்விடலாம். ஆனால் அவள் சென் துனியில் தனியாக வீடு எடுத்து இருக்கிறாள். தினமும் காலையில் எங்கள் ஸ்ரேசனைத் தாண்டித்தான் அவளுடைய ரயில் போகிறது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருவாள். தாய் தமிழில் கேட்பாள், அவள் பிரெஞ்சில் மறுமொழி சொல்லுவாள், நான் நடுவில் இருந்து இரண்டு மொழியிலும் ஒன்றும் சொல்லாமல் சோற்றைப் பிசைவேன். பள்ளிக்கூடம் எப்படி என்று கேட்டால் "சவா" என்பாள், பரவாயில்லை என்று அர்த்தம். அதற்குமேல் எனக்குக் கேட்கத் தெரிவதில்லை. சண்டை ஒன்றும் இல்லை. சண்டை என்றால் சமாதானமாவது செய்யலாம்.

3

சித்திரை விடுமுறையில் ஜேர்மனி, நோர்வே, சுவிஸ், டென்மார்க் எல்லா இடத்துத் தமிழ்ப் பள்ளி ஆசிரியர்களும் பரிசில் கூடுவதென்று முடிவானது. சின்னப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானத்தைச் செய்துகாட்டித் தமிழில் படிப்பிப்பது எப்படி என்று ஒவ்வொரு நாட்டாரும் ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டும். எங்கள் சனிக்கிழமைப் பிள்ளைகள்தான் எல்லோருக்கும் வகுப்பு. பிரான்சின் பாடத்தை யார் செய்வது என்று வந்தபோது நான் மகளைக் கேட்டேன்.

"தமிழிலையோ?" என்றாள். ஓம் என்றேன். சரி என்றாள். செப்டெம்பர் விசயத்தையும் மெல்லமாக எடுத்துவிட்டேன். பிள்ளைகளைப் பார்த்துவிட்டுச் சொல்வதாக பிரெஞ்சில் சொன்னாள். அவள் போன பிறகு மனைவி சிரித்தாள். "ரீச்சரும் சேரும் ஒருமாதிரிக் கதைச்சு முடிச்சிட்டியள். இனி இந்த வீட்டிலை படிக்காத ஆள் நான் ஒருத்திதான்," என்றாள்.

அதற்குப் பிறகு வந்த சில கிழமைகளை நான் மறக்கமாட்டேன். வேலை முடிந்து ரயிலில் நிற்கிற நேரம் தர்சிகாவின் அழைப்பு வரும். மிதக்கும் என்பதற்கு எதிர்ச்சொல் என்ன? தாழும் என்பதா, அமிழும் என்பதா பிள்ளைகளுக்கு விளங்கும்? உரித்த தோல் என்பது சரியா? RER D புறநகர் ரயிலில் ஒருவர்மேல் ஒருவர் நெரிபட்டுக்கொண்டு நான் தொலைபேசியில் "தாழும், தாழும்" என்று சொல்லிக்கொண்டு வருவேன். பக்கத்தில் நிற்கிறவர்கள் தள்ளி நிற்பார்கள். எனக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. இவ்வளவு தமிழ்ச் சொற்களை அவள் என்னிடம் கேட்டது இரண்டு வயதில் பேசத் தொடங்கிய காலத்துக்குப் பிறகு இப்போதுதான். நான் சந்தோசமாக இருந்தேன். வேறு சொல் இல்லை.

மண்டபத்துக்கான கடதாசி அலுவல் என் தலையில் விழுந்தது. காப்புறுதிப் பத்திரம், வருகிறவர்களின் தொகை, எத்தனை கதிரை. கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி: உள்ளே நெருப்பு பயன்படுத்துவீர்களா? சுவிஸ் ஆசிரியர் எரிகிற மெழுகுதிரியின் மேல் கண்ணாடிக் குவளையைக் கவிழ்த்து, சுடர் அணைவதைக் காட்டுகிற பாடத்தைச் சொல்லியிருந்தார். நான் உள்ளதை உள்ளபடி ஓம் என்று எழுதினேன். பத்திரம் திரும்பி வந்தது. பிறந்தநாள் கேக்கில் கொளுத்தலாம், பாடத்தில் கொளுத்தக்கூடாதாம். சுவிஸ்காரர் காந்தத்துக்கு மாறினார்.

4

அந்தப் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் சிரித்தேன். மனைவிக்குக் காரணம் விளங்கவில்லை.

நான் படிப்பித்தது யுத்த காலம், யாழ்ப்பாணத்துக்கு மெழுகுதிரி வருவதற்கு அரசாங்கத் தடை. பற்றரி வராது, மண்ணெண்ணெய் வராது. புத்தகத்தில் அதே குவளையும் அதே மெழுகுதிரியும் படமாக இருக்கும். இடம்பெயர்ந்து தறப்பாள் கூடாரத்தின் கீழ் நடந்த பள்ளிக்கூடம் எங்களுடையது. நான் கையை மெழுகுதிரி மாதிரி நிமிர்த்தி, மற்றக் கையைக் குவளை மாதிரிக் கவிழ்த்து, "இப்ப அணைஞ்சிட்டுது, எழுதுங்கோ," என்பேன். பிள்ளைகள் குனிந்து எழுதுவார்கள்: சுடர் அணைவதை அவதானித்தோம். ஒருவரும் ஒன்றையும் அவதானிக்கவில்லை. ஆனால் சோதனையில் எல்லோருக்கும் புள்ளி கிடைத்தது. அப்படிப் படித்தவர்களில் டொக்டரும் இருக்கிறார்கள், எஞ்சினியரும் இருக்கிறார்கள்.

கல்விக் கந்தோரிலிருந்து அதிகாரி வருகிறார் என்றால் முதல் நாளே ஒத்திகை பார்ப்போம். எல்லோரும் கை உயர்த்த வேண்டும். மறுமொழி தெரிந்தவன் வலக்கை, தெரியாதவன் இடக்கை. அதிகாரிக்கும் இது தெரியும், அவரும் ஒரு காலத்தில் வாத்தியார்தானே. அதை நாங்கள் ஏமாற்று என்று நினைக்கவில்லை. வீட்டுக்கு ஆட்கள் வருகிறார்கள் என்றால் முற்றம் கூட்டுகிற மாதிரித்தான்.

இப்போது நான் செய்ததைச் சொல்கிறேன். சந்திப்புக்கு முதல் சனிக்கிழமை, சாமான் வாங்க வேண்டும், என்னென்ன தேவை என்று மகளிடம் கேட்டேன். பெரிய தண்ணீர்ச் சட்டியும் இரண்டு தோடம்பழமும் போதும் என்றாள். ஒன்றைத் தோலோடு போட்டால் மிதக்கும். மற்றதைத் தோலை உரித்துப் போட்டால் தாழும். தோலுக்குள் காற்று இருக்கிறது, அதுதான் விசயம். நான் கடையில் தோடம்பழம் கொஞ்சம் கூடுதலாகவே வாங்கினேன்.

எனக்குப் பயமாக இருந்தது. அவளுடைய தமிழ் தடக்கித் தடக்கித்தான் வரும். எங்கள் பிள்ளைகள் புது ஆளைக் கண்டால் வாயில் கொழுக்கட்டை வைத்தது போல் இருப்பார்கள். ஐந்து நாட்டு ஆசிரியர்கள் பார்த்துக்கொண்டிருக்க என் பிள்ளை கேள்வி கேட்டு, ஒருவரும் வாய் திறக்காமல், அவள் நடுவில் நின்று முழிப்பதை நான் எப்படிப் பார்ப்பேன்? அதனால் அன்றைய வகுப்பில் சட்டியில் தண்ணீர் நிரப்பினேன். ஒரு பழத்தை உரித்தேன், ஒன்றை உரிக்கவில்லை. இரண்டையும் போட்டேன். பிறகு பிள்ளைகளுக்கு வசனத்தைச் சொல்லிக்கொடுத்தேன். எது தாழும்? தோலில்லாத தோடம்பழம் தாழும். ஏன்? தோலுக்குள் காற்று இருக்கிறது. எல்லோரும் சேர்ந்து, பிறகு ஒவ்வொருவராக, பிறகு திரும்பவும் சேர்ந்து. அடுத்த கிழமை வருகிற ரீச்சர் கேட்டால் பயப்படாமல் சொல்ல வேண்டும் என்றேன். பிள்ளைகள் பழத்தைப் பங்குபோட்டுத் தின்றார்கள். அன்று வீட்டுக்குப் போகும்போது மகளுக்கு ஓர் உதவி செய்துவிட்ட நிம்மதி எனக்கு.

ஒத்திகை பார்க்கக்கூடாது என்று அவள் சொல்லவில்லை. அப்படி ஒரு மனிதன் செய்வான் என்று அவளுக்குத் தோன்றியிருக்காது.

5

முதல் பாடம் நோர்வேயிலிருந்து வந்த வசந்தா ரீச்சருடையது. பேர்கனில் மீன் பதப்படுத்துகிற இடத்தில் வேலை செய்கிறவர், பெரிய சிரிப்புக்காரி. இரண்டு பனிக்கட்டி கொண்டுவந்து ஒன்றைக் கம்பளிக் காலுறைக்குள் போட்டார், மற்றதை வெளியே தட்டில் வைத்தார். எது முதலில் உருகும், சொல்லுங்கோ பார்ப்பம் என்றார். ஒருவரும் சொல்லவில்லை. நினைக்கிறதைச் சொல்லுங்கோ, பிழையெண்டாலும் பரவாயில்லை என்றார். பிள்ளைகள் சப்பாத்தைப் பார்த்தார்கள். கடைசியில் ரீச்சர் தானே கேட்டு, தானே மறுமொழி சொல்லி முடித்தார். பின்வரிசையில் இருந்த எனக்கு, தோடம்பழத்துக்கு ஒத்திகை பார்த்தது எவ்வளவு நல்லதாய்ப் போயிற்று என்றுதான் பட்டது.

பிறகு தர்சிகா வந்தாள். சேலை உடுத்துவாள் என்று தாய் எதிர்பார்த்தாள், அவள் ஜீன்ஸோடு வந்தாள். பிள்ளைகளை மேசையிலிருந்து எழுப்பி நிலத்தில் வட்டமாக இருத்தினாள், தானும் இருந்தாள். பழத்தைக் கையில் கொடுத்து ஒவ்வொருவராகப் பாரம் பார்க்க வைத்தாள். அவளுடைய தமிழ் நான் பயந்த அளவுக்கு மோசமில்லை. மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்தாள். ஒரு சொல்லுக்கு முட்டுப்பட்டபோது பிள்ளைகளிடமே கேட்டாள், அவர்கள் எடுத்துக் கொடுத்தார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

எல்லோருக்கும் ஒரு வெள்ளைத் தாள் கொடுத்து, தோலோடு ஒன்றையும் உரித்த ஒன்றையும் தண்ணீரில் போட்டால் என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்களோ அதைக் கீறுங்கள் என்றாள். கீறி முடித்ததும் தாள்களை வட்டத்தின் நடுவில் பரப்பினாள். எல்லாத் தாளிலும் ஒரே படம். தோலோடு இருப்பது மேலே, தோலில்லாதது அடியில். ஒரு கெட்டிக்காரி தோலுக்குள் சின்னச் சின்னக் குமிழிகூடக் கீறியிருந்தாள். தர்சிகா அந்தத் தாள்களை வேண்டிய நேரத்தைவிடக் கூடுதலாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய பள்ளிக்கூடத்தில் இந்தப் பாடத்தை எத்தனையோ தரம் செய்திருக்கிறாள். தோலை உரித்தால் பாரம் குறையும், அதனால் மிதக்கும் என்றுதான் பிள்ளைகள் நினைப்பார்களாம். அப்படி நினைத்துத் தண்ணீரில் போட்டு, அது தாழ்வதைக் கண்டு வாயைப் பிளப்பதற்காகத்தான் அந்தப் பாடமே. இது எனக்குப் பிறகுதான் தெரியும்.

"ஏன் இப்பிடிக் கீறினீங்கள்?" என்று கேட்டாள்.

பிள்ளைகள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்: "தோலுக்குள் காற்று இருக்கிறது, ரீச்சர்."

மண்டபத்தில் கைதட்டல். ஜேர்மனி ஆசிரியர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். பொறுப்பாளர் அண்ணை வீடியோக்காரனை இன்னும் கிட்டப் போகச் சொன்னார். தர்சிகா தலை நிமிர்ந்து கூட்டத்துக்குள் என்னைத் தேடினாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

பழங்களைத் தண்ணீரில் போட்டாள். எல்லாம் சொன்னபடியே நடந்தது. பிறகு தன் ஜீன்ஸ் பையிலிருந்து ஒரு பச்சைத் தேசிக்காயை, சின்ன எலுமிச்சையை, எடுத்தாள். இதைப் பற்றி அவள் என்னிடம் சொல்லவில்லை. தோலோடு இருக்கிறது, இதைப் போட்டால் என்ன நடக்கும் என்று கேட்டாள்.

பிள்ளைகள் எல்லோரும் தேசிக்காயைப் பார்க்கவில்லை, திரும்பி என்னைப் பார்த்தார்கள். அத்தனை கண்கள். அவற்றைக் கண்டதும் என் கை என்னைக் கேட்காமல் எழும்பியது. தோல் இருக்கிறதுதானே, மேலே என்று சைகை காட்டினேன். "மிதக்கும்," என்று எல்லோரும் சொன்னார்கள்.

தேசிக்காய் தாழ்ந்துபோய்ச் சட்டியின் அடியில் இருந்தது.

இதுதான் அவள் காத்துக்கொண்டிருந்த இடம் என்று அவள் முகத்தில் தெரிந்தது. முன்னுக்குக் குனிந்து, இப்ப என்ன நினைக்கிறியள், ஏன் இது மட்டும் என்று கேட்டாள். ஆனால் பிள்ளைகள் யோசிக்கவில்லை, பயந்துபோய்விட்டார்கள். குமிழி கீறிய பெண்பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது, சோதனையில் பிழைவிட்ட மாதிரி. அதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. எழும்பினேன். "அது பழுதான காய். கடையிலை பழசைக் குடுத்திட்டாங்கள். நல்ல காயெண்டால் மிதக்கும்," என்றேன்.

பிள்ளைகளின் முகம் தெளிந்தது. கூட்டம் சிரித்தது. வசந்தா ரீச்சர் கைதட்டத் தொடங்க எல்லோரும் தட்டினார்கள். காயில் பழுது ஒன்றும் இல்லை. அவள் சொல்லிப் பிறகு அறிந்தேன், அந்தக் காய்க்குத் தோல் மெல்லிசு, காற்றுக்கு இடமில்லை. தர்சிகா ஈரக் கையை ஜீன்ஸில் துடைத்துக்கொண்டு எழும்பி எல்லோருக்கும் வணக்கம் சொன்னாள். வீடியோவில் தேசிக்காய் இல்லை. பொறுப்பாளர் அண்ணை வெட்டச் சொல்லிவிட்டார்.

6

பின்னேரம் நாங்கள் இரண்டு பேரும் காருது நோர் ஸ்ரேசனுக்கு நடந்தோம். மழை தூறிக்கொண்டிருந்தது, குடை அவளிடம். என் முழங்காலுக்காக மெதுவாக நடந்தாள். கடைகளில் மாம்பழம் வந்திருந்தது, சனம் மொய்த்தது. பாதித் தூரம் போன பிறகு பிரெஞ்சில் கேட்டாள், முதலிலேயே அவர்களுக்குச் சொல்லிவிட்டீர்களா என்று.

ஓம் என்றேன். உனக்குக் கஷ்டமாய் இருக்கக்கூடாதெண்டுதான் என்றேன்.

அவள் கோபிக்கவில்லை. கோபித்திருக்கலாம். தன்னுடைய வகுப்பில் பிள்ளைகள் முதலில் நினைத்த பிழையான மறுமொழிகளை எல்லாம் சுவரில் ஒட்டிவைப்பதாகச் சொன்னாள். வருடம் முடியும்வரை கழற்றமாட்டாளாம். பிழை விட்டதைப் பார்க்கப் பிள்ளைகளுக்கு வெட்கம் இல்லையா என்று கேட்டேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குடையை என் பக்கம் சரித்தாள்.

அவளுக்கு எப்படி விளங்கப்படுத்துவது? நான் இங்கே வந்த புதிதில் லா சப்பலில் ஓர் அறையில் ஆறேழு பேர் இருந்தோம். அகதி நேர்முகத்துக்குப் போவதற்கு முன் மூத்தவர்கள் எங்களை இருத்திக் கேள்வி கேட்பார்கள். எந்த றோட்டால் வந்தாய், எந்தச் சந்தியில் பிடித்தார்கள், அதற்கு முதல் மழையா வெயிலா. உண்மையைத்தான் சொல்லப்போகிறோம், ஆனால் உண்மையும் பாடமாக இருக்க வேண்டும். நான் படித்தவன் என்ற எண்ணத்தில் ஒத்திகைக்கு இருக்கவில்லை. உள்ளே போய், கேட்டதற்கு நினைவில் வந்ததைச் சொன்னேன். இரண்டு இடத்தில் முன்னுக்குப்பின் முரணாம். நிராகரித்துவிட்டார்கள். மேன்முறையீடு செய்து, கடிதம் வந்து, மனைவியைக் கூப்பிட வழி கிடைக்கும்வரை போன வருடங்களை எனக்கு ஒருவரும் திருப்பித் தரவில்லை. அன்றிலிருந்து தெரியாத மறுமொழியோடு நான் எந்தக் கதவையும் தட்டுவதில்லை. என் பிள்ளையையும் தட்ட விடுவதில்லை.

நான் குடியுரிமை நேர்முகத்துக்குப் போகும்போது அவளுக்குப் பதினொரு வயது. சமையலறை மேசையில் எனக்கு எதிரே அதிகாரி மாதிரி இருந்து, ஆறுகளின் பெயரும் கொடியின் நிறமும் கேட்டு என்னைத் தயார்ப்படுத்தியவள் அவள்தான். பிழை விட்டால் பென்சிலால் மேசையில் தட்டுவாள். அன்று நான் எல்லாவற்றையும் சரியாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தபோது பாய்ந்து வந்து கட்டிப்பிடித்தாள். மழைக்குள் நடந்தபோது அதை அவளிடம் சொன்னேன்.

"அது உங்களுக்குத் தேவையா இருந்தது, அப்பா," என்றாள் தமிழில். "அந்தப் பிள்ளையளுக்கு என்ன தேவை? அதுகள் இஞ்சை பிறந்ததுகள். அதுகளை ஒருத்தரும் திருப்பி அனுப்பப் போறதில்லை."

ரயிலுக்குள் அவளுக்கு இடம் கிடைத்தது, எனக்கு விட்டுத் தந்தாள். சென் துனியில் இறங்கினாள். கதவு மூடுமுன் கை காட்டினாள். அவள் முகத்தில் கோபம் இருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

7

வைகாசி ஞாயிறு வந்தாள். சாப்பாடு, சவா, ரயில். செப்டெம்பரைப் பற்றி அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. ரயிலில் வருகிற தமிழ்ச் சொல் அழைப்புகளும் நின்றுபோயின. வேலை முடிந்து நெரிசலில் நிற்கிறபோது கை தானாகத் தொலைபேசியைத் தடவும். கேட்பதற்குச் சொல் முடிந்துவிட்டதாக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஆனி பிறந்ததும் பொறுப்பாளர் அண்ணை செப்டெம்பர் வகுப்புகளுக்கு நேரசூசி போட வேண்டும், பெயர் சொல்லுங்கோ என்று நெருக்கினார். தர்சிகா எடுத்தால் எல்லா நாட்டுக்கும் அவளைக் கூப்பிடுவார்களாம், வீடியோவுக்கு அவ்வளவு மதிப்பாம். அதற்குள்தான் பலெர்மோ ரீச்சரின் தொலைபேசியும் வந்தது.

நேற்று ஞாயிறு. மனைவி கோயிலுக்குப் போய்விட்டாள். நான் கோப்பை கழுவ, தர்சிகா துடைத்துக்கொண்டிருந்தாள். பலெர்மோ கதையைச் சொன்னேன். பிள்ளைகள் டக்கென்று மறுமொழி சொல்வதைப் புகழ்ந்தார்கள் என்றேன். இலேசாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து, இதுதான் நேரம் என்று நினைத்தேன். கேட்பதற்கு முன் மறுமொழியை அறிந்துகொள்ள எனக்கு எந்த வழியும் இருக்கவில்லை. தாயைக் கொண்டு கேட்பித்துப் பார்ப்போமா என்றுகூட ஒருகணம் யோசித்தேன். பிறகு கேட்டுவிட்டேன்.

"செப்டெம்பரிலையிருந்து வகுப்பை எடுப்பியோ, பிள்ளை?"

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. பிரெஞ்சில் தொடங்கி, நிறுத்தி, தமிழுக்கு மாறினாள். எனக்குச் சரியாக விளங்க வேண்டும் என்று நினைத்திருக்கிறாள்.

"எனக்கு அந்தப் பிள்ளையளைப் பிடிச்சிருக்கு, அப்பா. ஆனா நான் எடுக்கமாட்டன். நான் வந்தால், எனக்கு முதல் நீங்கள் போய் எல்லாத்தையும் சரியாக்கி வைச்சிருப்பியள்."

இல்லை, இனிமேல் அப்படிச் செய்யமாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லியிருந்தால் அவள் ஒருவேளை யோசித்திருப்பாள். ஆனால் சனிக்கிழமைக்கு முதல் நாள் யாருக்கும் சொல்லாமல் மண்டபத்துக்குப் போய், கதிரை அடுக்கி, தண்ணீர் நிரப்பி, கண்ணில் படுகிற ஒரு பிள்ளைக்காவது மறுமொழியைச் சொல்லிக்கொடுக்கிற என்னை எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். அதனால் ஓம் என்று மட்டும் சொன்னேன்.

அவள் மிச்சக் கோப்பைகளையும் துடைத்து அடுக்கினாள். எனக்குத் தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்டாள், போட்டுத் தந்தாள். தாய் வருமட்டும் இருந்துவிட்டுப் போனாள்.

இன்று காலை கடை திறந்ததும் பொறுப்பாளர் அண்ணைக்கு எடுத்தேன். அந்த நேரத்தைப் பரீட்சைக்குக் கொடுங்கள் என்று சொன்னேன்.